வால் ஸ்ட்ரட் அதிர்வு: 4,500 ஆர்பிஎம்மில் மட்டும் இடது பக்கம் நடுங்குகிறது

#1 துணிச்சிறகு

சொந்தமாகக் கட்டிய இரண்டு இருக்கை விமானம். குழாய்ச் சட்டம், மேலே துணி. என்ஜின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ், கியர் விகிதம் 2.43. ஸ்டெபிலைசரை (வாலின் கிடைச்சிறகை) இரண்டு பக்கமும் கீழிருந்து ஒற்றை ஸ்ட்ரட் (தாங்குகுழாய்) தாங்குகிறது. 4130 எஃகுக் குழாய், 19 மி.மீ. வெளிவிட்டம், 0.9 மி.மீ. சுவர், போல்டுக்கு போல்ட் 90 செ.மீ. ஃபேரிங் (காற்று வழுக்கிச் செல்ல மாட்டும் உறை) கிடையாது, வெறும் உருண்டைக் குழாய்.

மூன்று இதழ் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு இரண்டு இதழ் போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை. என்ஜின் 4,400-இலிருந்து 4,600 ஆர்பிஎம் வரை இருக்கும்போது பெடலிலும் இருக்கையிலும் ஒரு நடுக்கம். 4,500 பக்கம் உச்சம். 4,800-க்கு ஏற்றினால் அடங்கிவிடுகிறது. வாலைப் பார்த்தபடி கேமரா மாட்டிப் பார்த்தேன்: இடது ஸ்ட்ரட்டின் நடுப்பகுதி மங்கலாகத் தெரிகிறது, வலது அவ்வளவு இல்லை. போனைப் பின்சட்டத்தில் கட்டி அதிர்வு ஆப்பில் பதிவு செய்ததில் 38 ஹெர்ட்ஸ் என்று காட்டியது. ப்ரொப் சுற்றுக்கும் அந்த எண்ணுக்கும் எந்த வகையிலும் ஒத்துப்போகவில்லை.

அதே விட்டத்தில் 1.6 மி.மீ. சுவர் குழாய் கைவசம் இருக்கிறது. அதில் புது ஸ்ட்ரட் செய்து மாட்டிவிடலாமா?

#2 சோதனைப்பறப்பு

குழாய் கதை அப்புறம். முதலில் விமானத்தை நிறுத்துங்கள். வாலில் அதிர்வு என்றால் அது ஃப்ளட்டர் (காற்றோட்டமே ஊட்டி வளர்க்கும் அதிர்வு) இல்லை என்று உறுதியாகும் வரை யாரும் பறக்கக் கூடாது. ஸ்ட்ரட் நடுங்குவது காரணமாகவும் இருக்கலாம், ஸ்டெபிலைசர் நடுங்குவதன் விளைவாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் சில நொடிகளில் வால் கையை விட்டுப் போய்விடும்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அதிர்வு எதன் பின்னால் போகிறது? ஆர்பிஎம் பின்னாலா, காற்று வேகத்தின் பின்னாலா? இதுவரை பறந்ததில் கவனித்ததை மட்டும் எழுதுங்கள், இதற்காகப் புதிதாகப் போய்ச் சோதிக்க வேண்டாம். ஏறும்போது 4,500-இல் இருந்ததா? த்ராட்டிலை மூடி அதே வேகத்தில் இறங்கும்போது இருந்ததா? எலிவேட்டர் (ஸ்டெபிலைசரின் பின்னால் அசையும் பகுதி) கீலில், ட்ரிம் டேபில் (அதன் ஓரத்துச் சிறு தகட்டில்) ப்ளே, அதாவது தளர்ச்சி, எவ்வளவு? வீடியோவில் ஸ்டெபிலைசர் நுனி அசைகிறதா?

அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் ஏசி 90-89 சோதனைப் பறப்புக் கையேட்டில் ஃப்ளட்டர் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

#3 ரிவெட்

ப்ரொப் மாற்றிய பிறகு வந்தது என்றால் ப்ரொப்தான். டைனமிக் பேலன்ஸ் செய்யுங்கள், போய்விடும். இதழ்களின் பிட்ச் கோணம் இரண்டும் ஒன்றா, நுனிகள் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்றும் பாருங்கள். வாலைக் குடைவதற்கு முன் மூக்கைப் பார்ப்பதுதான் முறை.

#4 துணிச்சிறகு

விமானம் நிற்கிறது. கேட்டதற்குப் பதில்:

ஏற்றத்தில் மணிக்கு 110 கி.மீ. வேகம், 4,500 ஆர்பிஎம்: அதிர்வு உண்டு. சமதளப் பறப்பில் 145 கி.மீ., அதே 4,500: உண்டு. த்ராட்டில் மூடி 145-இல் இறங்கும்போது சுத்தமாக இல்லை. ஸ்டெபிலைசர் நுனி வீடியோவில் அசையவில்லை, ஸ்ட்ரட்டின் நடுப்பகுதி மட்டும்தான். எலிவேட்டர் கீல்களில் ப்ளே இல்லை, ட்ரிம் டேப் நுனியில் கையால் உணரும் அளவு ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் ஞாபகம் வந்தது. தரையில் என்ஜின் சூடேறும்போது 1,900 பக்கம் வாலில் லேசான நடுக்கம் இருக்கும். பழைய மூன்று இதழ் ப்ரொப் இருந்தபோதும் இறங்கும்போது 3,000-ஐத் தாண்டி ஓரிடத்தில் ஒரு சின்ன நடுக்கம் வந்து போகும். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தவிர, தரையிறங்கும் வேகத்தில், 85, 90 கி.மீ. பக்கம், பின்னால் ஒரு ஊளைச் சத்தம் கேட்கும்.

#5 அலைவரிசை

நண்பரே, நீங்கள் கொடுத்த எண்களே முக்கால்வாசி பதிலைச் சொல்லிவிட்டன. நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு முனையும் பின்னில் நிற்கும் குழாயாக எடுத்துக்கொண்டால், உங்கள் அளவுகளுக்கு முதல் இயல்பு அதிர்வெண் சுமார் 63 ஹெர்ட்ஸ் வருகிறது. இப்போது அதை எது தட்டுகிறது என்று பாருங்கள்.

4,500 ஆர்பிஎம்மை 2.43-ஆல் வகுத்தால் ப்ரொப் 1,852 சுற்று. நொடிக்கு 30.9. இரண்டு இதழ் என்பதால் வாலை நோக்கி வரும் காற்றுத் துடிப்பு 61.7 ஹெர்ட்ஸ். ஒத்துப்போகிறது.

பழைய மூன்று இதழ் ப்ரொப்பில் அதே 63-ஐத் தொட என்ஜின் 3,060 ஆர்பிஎம் சுற்ற வேண்டும். இறங்கும்போது நீங்கள் உணர்ந்தது அதுதான்.

நான்கு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு எரிப்பு. 1,890 ஆர்பிஎம்மில் எரிப்புத் துடிப்பு 63 ஹெர்ட்ஸ். தரையில் 1,900-இல் வரும் நடுக்கம் அது.

மூன்று வெவ்வேறு மூலங்கள் மூன்று வெவ்வேறு ஆர்பிஎம்மில் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. ஸ்ட்ரட்டின் ஒத்ததிர்வுதான் இது, சந்தேகமில்லை.

அந்த 38 எங்கிருந்து வந்தது? உங்கள் ஆப் நொடிக்கு 100 முறைதான் அளக்கிறது என்று நினைக்கிறேன், செட்டிங்கில் பாருங்கள். 100 அளவீட்டில் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எதுவும் மடங்கிக் கீழே விழும். 100-இல் 62 போனால் 38. போலி எண். அதை வைத்துக்கொண்டு என்ன தேடினாலும் கிடைக்காது. கேமரா படத்தையும் முழுசாக நம்ப வேண்டாம். போன் கேமரா படத்தை வரி வரியாகப் பதிவு செய்வதால் நேரான கம்பிகூட நெளிவதுபோல் தெரியும். எந்தக் குழாய் மங்குகிறது என்று பார்க்க மட்டும் அது உதவும்.

தட்டிப் பாருங்கள். ஸ்ட்ரட் மாட்டிய நிலையிலேயே, ரப்பர் சுத்தியால் நடுவில் ஒரு தட்டு, மைக்கைக் குழாயை ஒட்டிப் பிடித்து ஒலிப்பதிவு. ஒலி நொடிக்கு 44,100 முறை பதிவாகிறது, மடங்கல் தொல்லை இல்லை. நிறமாலை ஆப்பில் உச்சத்தைப் படித்தால் போதும்.

அப்புறம் அந்த 1.6 மி.மீ. குழாய். அதை மாட்டினால் அதிர்வெண் 63-இலிருந்து 61-க்கு இறங்கும்! விறைப்பு கூடும்போது எடையும் கூடவே கூடுகிறது, உள்பக்கம் சேர்கிற உலோகம் வளைவுக்குக் குறைவாகவே உதவும். எடை 70 சதவீதம் அதிகம், பலன் பூஜ்யம். அலுமினியத்துக்கு மாறினாலும் இதே கதை. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் விறைப்பு-அடர்த்தி விகிதம் கிட்டத்தட்ட ஒன்றே. அதிர்வெண்ணை மாற்றுவது விட்டமும் நீளமும்தான். அதிலும் நீளம் இருமடி வேகத்தில் வேலை செய்யும்.

#6 ரிவெட்

கணக்கு சரி. ஆனால் இரண்டு ஸ்ட்ரட்டும் ஒரே குழாய், ஒரே நீளம். இடது மட்டும் ஏன் ஆட வேண்டும்? ப்ரொப் பேலன்ஸ் தப்பாக இருந்தால்?

#7 அலைவரிசை

பேலன்ஸ் குறை சுற்றுக்கு ஒரு தட்டு, அதாவது 31 ஹெர்ட்ஸ். இங்கே தட்டுவது அதன் இரட்டிப்பு. பேலன்ஸ் செய்வது நல்லதுதான், கியர்பாக்ஸுக்கு நல்லது, ஆனால் இந்த அதிர்வு அதனால் போகாது. இடது மட்டும் ஏன் என்பது சரியான கேள்வி. ப்ரொப் சுழற்காற்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிப்பதில்லை, அது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இவ்வளவு வித்தியாசம் காட்டாது. அங்கே ஏதோ தளர்ந்திருக்கிறது.

#8 குழாய்வெல்டர்

இனி கையால் பார்க்கிற வேலை. கணக்குக்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

வாலைத் தாங்கியில் உயர்த்தி, பறக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். உதவிக்கு ஒருவர் ஸ்டெபிலைசரை விலா உள்ள இடத்தில் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைக்கட்டும். நீங்கள் கட்டைவிரலை ஸ்ட்ரட் ஃபோர்க்கும் (குழாயின் கவைமுனை) லக்கும் (அது பொருந்தும் துளையிட்ட தகடு) சேரும் கோட்டின் மேல் வையுங்கள், பாதி ஃபோர்க்கில், பாதி லக்கில். ப்ளே இருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரியும். ஒரு சின்ன 'டிக்'. நான்கு முனையிலும் இப்படிச் செய்யுங்கள். ஸ்டெபிலைசரின் முன் ஸ்பார், பின் ஸ்பார் (நீளவாட்டுத் தாங்கு சட்டங்கள்) இணைப்புகளையும் விடாதீர்கள்.

பிறகு வாஷரின் ஓரத்தைப் பாருங்கள். எஃகும் எஃகும் உரசினால் செம்பழுப்புப் பொடி, தேநீர்க் கறைபோல எண்ணெயோடு குழைந்து வழிந்திருக்கும். அலுமினியம் என்றால் கறுப்பு. இந்தப் பொடி இருந்தால் அங்கே அசைவு இருக்கிறது, பேச்சே இல்லை.

போல்டைக் கழற்றி தண்டை விரல் நகத்தால் வருடுங்கள். படி தட்டுகிறதா? மறை (திருகுப் புரி) இல்லாத பகுதியின் நீளம் போதுமா, இல்லை மறை லக்கின் துளைக்குள் உட்கார்ந்திருக்கிறதா? வீட்டில் கட்டிய விமானங்களில் இந்தக் குறையை அடிக்கடி பார்க்கிறேன். மறை விளிம்பு துளைக்குள் இருந்தால் அது அரம்போல வேலை செய்யும்.

கடைசியாக, குழாய் முனை தட்டையாக்கப்பட்டதா, ஃபோர்க் வெல்ட் செய்ததா? எதுவானாலும் அங்கே பெயின்ட்டை எடுத்துவிட்டு 10 மடங்கு லென்ஸில் பாருங்கள், சிவப்புச் சாயம் ஊற்றி வெள்ளை டெவலப்பர் அடித்துச் சோதியுங்கள். 4,500-இல் ஒரு மணி நேரம் பறந்தால் இரண்டு லட்சத்துக்கும் மேல் வளைவுச் சுழற்சி. விரிசல் வெல்டின் ஓரத்தில் ஆரம்பிக்கும், நடுவில் அல்ல. பெயின்ட்டின் மேலேயே பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதாதீர்கள்.

#9 துணிச்சிறகு

நன்றி வெல்டர் அண்ணா. கண்டுபிடித்தாகிவிட்டது.

இடது ஸ்ட்ரட்டின் கீழ்முனை. விரலில் 'டிக்' தெளிவாகத் தெரிந்தது, மற்ற மூன்று முனைகளிலும் இல்லை. வாஷரைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி. ஏஎன்3 (விமானத் தர அளவு) போல்டைக் கழற்றினால் இரண்டு மறை லக்குக்குள்ளேயே இருந்திருக்கிறது. துளையின் உள்சுவரில் அந்த மறையின் வரிகள் அப்படியே பதிந்திருக்கின்றன. துளை ஸ்ட்ரட் திசையில் நீண்டு முட்டை வடிவம், போல்ட் தண்டிலும் ஒரு படி. மேல்முனை போல்ட் சரியான நீளம். சாயச் சோதனையில் நான்கு ஃபோர்க் வெல்டுகளும் சுத்தம்.

தட்டிப் பார்த்ததில் வலது 63 ஹெர்ட்ஸ், தெளிவாக ஒலித்து மெதுவாக அடங்குகிறது. இடது ஒவ்வொரு தட்டுக்கும் 59-இலிருந்து 61 வரை மாறுகிறது, மொத்தையாக ஒலித்து உடனே செத்துவிடுகிறது. ஆப்பும் 100 அளவீட்டில்தான் இருந்தது.

வலது தரையில் 63 காட்டுகிறது, வானத்தில் உச்சம் 61.7-இல் வந்தது. இந்த வித்தியாசம் கணக்குப் பிழையா?

#10 அலைவரிசை

பிழையில்லை. பறக்கும்போது ஸ்டெபிலைசர் கீழ்நோக்கி அழுத்துகிறது, கீழே இருக்கும் ஸ்ட்ரட் அமுக்கத்தில் இருக்கிறது. அமுக்கம் கூடினால் அதிர்வெண் இறங்கும். உங்கள் குழாய் வளைந்து முறியும் எல்லை சுமார் 5,200 நியூட்டன். 200 நியூட்டன் அமுக்கத்துக்கே அதிர்வெண் 2 சதவீதம் குறையும். அதனால் தரையில் அளந்ததை வானத்தின் எல்லையாக எடுத்துக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

#11 குழாய்வெல்டர்

லக்கை என்ன செய்வது என்று கேட்கப்போகிறீர்கள், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட துளையை வெல்டால் நிரப்பித் திரும்பத் துளைக்காதீர்கள். பெரிதாக ரீம் செய்து (துளையைச் சீவி அகலமாக்கி) அடுத்த அளவான ஏஎன்4 போடலாம், ஆனால் துளை மையத்திலிருந்து லக்கின் விளிம்பு வரை போல்ட் விட்டத்தின் இரண்டு மடங்காவது மிச்சம் இருக்க வேண்டும். 6.35 மி.மீ. போல்டுக்கு 12.7 மி.மீ. இல்லையென்றால் லக்கை வெட்டி எடுத்துப் புது லக் வெல்ட் செய்வதுதான் வழி. வரைபடம் கொடுத்தவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

துளையைக் கொஞ்சம் சிறிதாகத் துளைத்து ரீமரால் கடைசி அளவுக்குக் கொண்டுவாருங்கள். துரப்பணம் மட்டும் போட்ட துளை ஒருபோதும் வட்டமாக இருக்காது. மறை தொடங்கும் இடம் துளைக்கு வெளியே, வாஷருக்குள் வர வேண்டும். எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி அட்டவணைப்படி ஏஎன்3-க்கு முறுக்கு 20-25 அங்குல-பவுண்ட், அதாவது 2.3-2.8 நியூட்டன் மீட்டர். லாக் நட் சும்மா சுற்றும்போதே எடுக்கும் முறுக்கை அளந்து அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். நைலான் நட் விரலால் முழுசாக உள்ளே போனால் தூக்கிப் போடுங்கள். ஃபோர்க் காதுகளுக்கும் லக்குக்கும் நடுவே இடைவெளி இருந்தால் முறுக்கி முறுக்கிக் காதை வளைக்காமல், மெல்லிய வாஷர் வைத்து இடைவெளியை நிரப்புங்கள்.

#12 ரிவெட்

சரி, லக் விஷயத்தில் மாற்றுக் கருத்தில்லை. இதைச் சரிசெய்தபின் 4,400-4,600-க்கு இடையில் நிற்காமல் பறந்தால் போதாதா? டாக்கோமீட்டரில் (ஆர்பிஎம் காட்டியில்) ஒரு சிவப்பு வில் ஒட்டிவிடுங்கள். சான்றிதழ் பெற்ற விமானங்களிலேயே சில என்ஜின்-ப்ரொப் ஜோடிகளுக்குத் தடைசெய்த ஆர்பிஎம் பட்டை உண்டு.

#13 சோதனைப்பறப்பு

தற்காலிகமாகச் செய்யலாம். ஆனால் 4,500 என்பது இவருக்கு நிதானமான க்ரூஸ் ஆர்பிஎம். சுற்றில் பறக்கும்போதும் இறங்கும்போதும் அந்தப் பட்டையைக் கடந்துகொண்டே இருப்பார். வாலின் ஸ்ட்ரட் ஒடிந்தால் ஸ்டெபிலைசரைத் தாங்க வேறொன்றும் இல்லை. இந்த உறுப்பில் சிவப்பு வில்லோடு திருப்திப்பட நான் சம்மதிக்க மாட்டேன்.

#14 ஏரோபாய்ல்

1.6 மி.மீ. வேண்டாம் என்றால் 25.4 மி.மீ. விட்டம், அதே 0.9 சுவர்? விட்டம்தான் முக்கியம் என்று மேலே சொல்லியிருக்கிறீர்களே. முதல் அதிர்வெண் 86 வரும். அதைத் தொட என்ஜின் 6,270 சுற்ற வேண்டும், 912-இன் உச்சமே 5,800. எடை இரண்டு பக்கமும் சேர்த்து 260 கிராம்தான் கூடும்.

#15 அலைவரிசை

ப்ரொப் பக்கம் சரி. இன்னொரு பக்கம் பொறி இருக்கிறது.

உருண்டைக் குழாயின் பின்னால் காற்றுச் சுழல்கள் மாறி மாறிக் கழலும். அதன் அதிர்வெண் வேகத்தில் 0.2 மடங்கை விட்டத்தால் வகுத்தது. இப்போதைய 19 மி.மீ. குழாயின் இரண்டாம் அதிர்வெண் 252 ஹெர்ட்ஸ், அதைச் சுழல் தொடுவது நொடிக்கு 24 மீட்டரில், மணிக்கு 86 கி.மீ. தரையிறங்கும்போது இவர் கேட்கும் ஊளை இதுதான். 25.4 குழாயின் இரண்டாம் அதிர்வெண் 344. சுழல் அதைத் தொடுவது மணிக்கு 157 கி.மீ. பக்கம். ஊளையைத் தரையிறக்கத்திலிருந்து எடுத்து க்ரூஸில் வைத்தமாதிரி ஆகிவிடும்.

ஃபேரிங் போட்டால் சுழல் போய்விடும், இழுவையும் பெருமளவு குறையும். ஆனால் ஃபேரிங்குக்கும் எடை உண்டு. மீட்டருக்கு 150 கிராம் என்று வைத்தால் 86 என்பது 76-க்கு இறங்கும். அது 5,540 ஆர்பிஎம்முக்குச் சமம். டேக்-ஆஃபில் நடுங்கும்.

என் யோசனை: இருக்கும் 19 மி.மீ. குழாயே இருக்கட்டும். நடுவிலிருந்து ஸ்டெபிலைசர் ஸ்பாருக்கு ஒரு சிறு ஜூரி ஸ்ட்ரட். நடு ஊன்றப்பட்டால் முதல் அதிர்வெண் நான்கு மடங்காகும். அதற்கு மேல் லேசான ஃபேரிங். ஃபேரிங் எடையோடு சுமார் 215 ஹெர்ட்ஸ். உச்ச ஆர்பிஎம்மில் என்ஜின் எரிப்பு 193, இதழ்த் துடிப்பு 80, அதன் இரட்டிப்பு 159. எல்லாமே கீழே நிற்கின்றன.

#16 குழாய்வெல்டர்

ஜூரி சரி. ஆனால் ஸ்ட்ரட்டின் நடுவில் துளை போடக் கூடாது. அமுக்கத்தில் வளைவு மிக அதிகம் வருகிற இடமே அதுதான். சுற்றிப் பிடிக்கும் கவ்வி செய்யுங்கள், உள்ளே மெல்லிய ரப்பரோ தோலோ வைத்து. ஜூரியின் நீளத்தை ஸ்ட்ரட் நேராக நிற்கும்போது அளந்து, எந்தப் பக்கமும் தள்ளாமலும் இழுக்காமலும் மாட்டுங்கள். முன்சுமையோடு மாட்டினால் ஸ்ட்ரட்டை நீங்களே வளைத்து வைத்ததாகும்.

ஃபேரிங் குழாயில் சுழலக் கூடாது. இரண்டு முனையிலும் பிடித்து, காற்றுத் திசைக்கு நேராக. தளர்ந்த ஃபேரிங் தானே படபடக்கும்.

#17 துணிச்சிறகு

வேலை முடிந்தது. விளிம்பு இடம் போதவில்லை என்பதால் லக்கை மாற்றிவிட்டேன். சரியான நீள ஏஎன்3 போல்ட்கள், புது நட்கள். லக் மாற்றியதுமே, ஜூரிக்கு முன்னால், இடது ஸ்ட்ரட்டைத் தட்டிப் பார்த்தேன்: வலதுபோலவே 63, தெளிவான ஒலி. ஜூரியும் ஃபேரிங்கும் மாட்டியபின் இடது 208, வலது 211. எடைச் சமன் கணக்கைத் திரும்பப் போட்டேன், எடைமையம் பின்னெல்லைக்குள் வசதியாக இருக்கிறது.

தரையில் 1,900-இல் நடுக்கம் இல்லை. பறப்பில் 4,000-இலிருந்து 5,500 வரை சிறு சிறு படியாக ஏற்றிப் பார்த்தேன், ஒவ்வொரு படியிலும் கொஞ்ச நேரம் நின்று. 4,500-இல் பெடல் அமைதி. தரையிறங்கும்போது ஊளையும் இல்லை. ஆப்பை நொடிக்கு 400 அளவீட்டுக்கு மாற்றிப் பதிவு செய்தேன், 62 பக்கம் இருந்த உச்சம் சட்டத்தின் பொதுவான இரைச்சலுக்குள் போய்விட்டது.

#18 குழாய்வெல்டர்

நல்ல வேலை. எல்லா நட்களிலும் சாட்சிக் கோடு (நட் தளர்ந்தால் காட்டிக்கொடுக்கும் பெயின்ட் கோடு) போட்டுவிடுங்கள். முதல் சில பறப்புகளுக்குப் பிறகு ஜூரி கவ்வியைக் கழற்றி அதன் அடியில் குழாயில் தேய்மானம் இருக்கிறதா பாருங்கள், ரப்பர் அங்கே ஈரத்தையும் பிடித்துவைக்கும். ஃபேரிங்கின் கீழ்முனையில் நீர் வெளியேற ஒரு சிறு துளை விடுங்கள். ஆண்டுச் சோதனையில் ஃபேரிங் மூடிய ஃபோர்க் வெல்டுகளும் கண்ணில் பட வேண்டும், அதனால் இரண்டு முனையிலும் ஒரு விரல் அளவு திறந்தே இருக்கட்டும்.

#19 ஏரோபாய்ல்

என்னுடையதில் ஸ்ட்ரட் இல்லை, மேலும் கீழும் தட்டைக் கம்பிகள். ஒன்று மட்டும் குறிப்பிட்ட வேகத்தில் ரீங்கரிக்கிறது. இதே முறை பொருந்துமா?

#20 அலைவரிசை

தட்டிப் பார்ப்பது பொருந்தும், கணக்கு வேறு. கம்பியில் இழுவிசைதான் அதிர்வெண்ணை வைக்கிறது. இடது வலது ஜோடியைத் தட்டி ஒரே சுருதியில் இருக்கிறதா பாருங்கள். ரீங்காரம் ஆர்பிஎம்மைப் பொருட்படுத்தாமல் வேகத்தோடு மட்டும் வந்தால் கம்பியின் தட்டை காற்றுக்குக் கோணலாக நிற்கிறது என்றே முதலில் சந்தேகிப்பேன். முனைத் திருகைச் சரிசெய்யும்போது கம்பி முறுக்கிக்கொள்ளாமல் மரக் கவ்வியால் பிடித்துக்கொள்ளுங்கள். கிளெவிஸில் (கம்பி முனையின் கவையில்) சோதனைத் துளை இருந்தால் மறை அதைத் தாண்டி உள்ளே போயிருக்கிறதா என்று மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்க வேண்டாம். இறுக்கினால் ஸ்டெபிலைசர் கோணலாகும், ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் இரண்டு நுனியையும் லெவல் வைத்துப் பாருங்கள். அளந்த எண்களோடு புது இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.